பெயர் போடாத மன்றாட்டு

கண்ணு,

நேற்றைய பூசையில் அந்தப் பெண்ணுக்கு முதல் ஓலை வாசித்தார்கள். மாப்பிள்ளை கொடுமுடிப் பக்கமாம், நல்ல வேலையாம். நான் வழக்கமாக உட்காரும் தூணோரத்தில்தான் இருந்தேன். நம் வழக்கம் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை, இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நடக்கவிருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் சாமியாரிடம் வந்து சொல்லுங்கள் என்று மைக்கில் அறிவிப்பார்கள். அதற்குத்தான் ஓலை என்று பெயர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மைக்கில் இதே பெண்ணின் பெயரோடு உன் பெயரைச் சேர்த்து வாசித்தார்கள். மூன்றாவது ஓலைக்குப் போகாமலே அது நின்றுபோனது. தடை சொன்னவன் வேறு யாருமில்லை, பெற்ற தகப்பன் நான்தான். நேற்று அவள் பெயரை இன்னொரு பெயரோடு கேட்டதும், இனி இதைச் சரிசெய்ய வழியே இல்லை என்பது எனக்கு உறைத்தது. அதுவரை, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், ஏதோ ஒரு நாள் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று கிறுக்கன் மாதிரி நம்பிக்கொண்டிருந்தேன்.

இதையும் ஊருக்கு முன்னால்தான் எழுதுகிறாயா, பட்டும் புத்தி வரவில்லையா என்று நீ கேட்கலாம். கேட்டால் நியாயம்தான். உன் முகவரி என்னிடம் இல்லை. எனக்குப் பழக்கமான பத்திரிகைக்காரர் ஒருவர் பெயரில்லாமல் போடுவதாகச் சொன்னார். அதனால் இதில் உன் பெயர் இல்லை, என் பெயர் இல்லை, அந்தப் பெண்ணின் பெயரோ எங்கள் தெருப் பெயரோ இல்லை. உனக்கு என்ன நோய் வந்தது என்பதையும் எழுதப்போவதில்லை. மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தாய், குணமாகி வந்தாய், மாத்திரை சாப்பிடுகிறாய். படிக்கிறவர்களுக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. ஊர் வாயில் விழுந்தால் அவல் மாதிரி மெல்லுகிற நோய் அது என்று மட்டும் வைத்துக்கொள்ளட்டும். இந்த அடக்கம் எனக்கு அன்றைக்கு இருந்திருந்தால் இந்தக் கடிதமே வேண்டியிருக்காது.

என் தொழிலிலிருந்து ஆரம்பிக்கிறேன், குற்றம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நீ பிறப்பதற்கு முன்பிருந்தே கலெக்டர் ஆபீஸ் சுவரோரம் மேஜை போட்டு மனு எழுதுகிறவன் நான். திங்கட்கிழமை ஆனால் சூலூரிலிருந்தும் அன்னூரிலிருந்தும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து வரிசையில் நிற்பார்கள். பட்டா இல்லை, தண்ணீர் வரவில்லை, பென்ஷன் நின்றுவிட்டது என்று ஆளுக்கொரு குறை. நான் எழுதிய மனு அதிகாரி மேஜையில் நிற்கும் என்று எனக்குப் பெயர் இருந்தது. அதற்கு என்னிடம் ஒரு முறை உண்டு. சுற்றி வளைக்கக் கூடாது. பெயர், தகப்பனார் பெயர், கதவு எண், அதற்கடுத்த வரியிலேயே இருப்பதில் எது ரொம்பப் பரிதாபமோ அதைப் போட்டுவிட வேண்டும். ஒரு தடவை ஒரு பெண் வந்தாள். புருஷன் விட்டுவிட்டுப் போனவளுக்கு உதவித்தொகை கேட்டு மனு. "அவரு இன்னொருத்திகூடப் போனதையெல்லாம் எழுதோணுங்களா?" என்று குரலை இறக்கிக் கேட்டாள். "வேலை நடக்கோணுமுன்னா எழுதித்தானுங்க ஆகோணும் அம்மணி. எப்பப் போனாரு, யாருகூடப் போனாரு, சொல்லுங்க" என்று நான் சத்தமாகக் கேட்டேன். பின்னால் பத்துப் பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு உதவித்தொகை கிடைத்தது, நானும் அன்றைக்கு நல்ல காரியம் செய்தேன் என்று மனநிறைவோடு வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். அந்தப் பத்துப் பேர் எனக்குக் கண்ணிலேயே படவில்லை.

எனக்கு வார்த்தைப் பைத்தியம் உண்டென்று உனக்குத் தெரியும். மேஜையில் ஆள் இல்லாத நேரத்தில் பழைய அகராதியைப் புரட்டிக்கொண்டிருப்பேன். அப்படித்தான் ஒரு நாள் மன்றாட்டு என்ற வார்த்தையைப் பிடித்தேன். ஞாயிறு தவறாமல் கோயிலில் சொல்லுகிற வார்த்தை, கடவுளிடம் பணிந்து கேட்பது என்பதைத் தாண்டி அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. மன்று என்றால் ஊர் கூடுகிற பொது இடம், வழக்குக் கேட்கிற சபை. அங்கே போய் நின்று தன் வழக்கைச் சொல்லி வாதாடுவது மன்றாடுதல். வாதாடுவது என்றும் பொருள், கெஞ்சுவது என்றும் பொருள். சபையில் சொல்லுக்கு மதிப்பில்லாதவன் வாதாடினால் அது கெஞ்சலாகத்தானே முடியும், அப்படித்தான் ஒன்று மற்றொன்றாக ஆகியிருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். நம் கொங்குநாட்டில் மன்றாடியார் என்று பட்டம் கொண்ட பெரிய குடும்பங்கள் உண்டு. சபையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த வார்த்தை பட்டமாகப் போனது, சபையில் நின்று கும்பிட்ட நம்மைப் போன்றவர்களுக்கு அது செபமாக வந்து சேர்ந்தது. இதைக் கண்டுபிடித்த அன்று பெரிய பண்டிதன் மாதிரி ஓடிப்போய் உன் அம்மாவிடம் சொன்னேன். "அதைக் கண்டுபுடிச்சு என்னத்துக்குங்க ஆவுது? ரேசன் கடையில பருப்புப் போடறாங்களாம், போயிட்டு வாங்க" என்றாள்.

அந்த வார்த்தை என்னை ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டது என்றால், அப்படி மன்றில் நின்ற ஒருவரை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். உன் தாத்தாவைத்தான் சொல்கிறேன். பவானிப் பக்கம் ஒரு பண்ணாடியின் மஞ்சள் காட்டில் தண்ணீர் கட்டுகிற வேலை அவருக்கு. நிலக்காரரைப் பண்ணாடி என்றுதான் கூப்பிட வேண்டும். ஒரு நாள் மடையைத் திறந்துவிட்டு ஆள் போய்விட்டார். தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு போய்ப் பாதிக் காட்டை அடித்துவிட்டது. மறுநாள் காலையில் அந்த ஊர்க் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது, ஈரோட்டில் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டிருந்தேன், சேதி தெரிந்து ஓடி வந்தேன். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வெயிலில் நின்றார். "தண்ணி கட்டற நேரத்துல எங்கடா போனே?" என்று கேட்டார்கள். "பொம்பளைக்குக் கொழந்தை தங்கலீங்க சாமி. அஞ்சாவது மாசமுங்க. ரத்தம் நிக்கலீங்க. துணி மாத்தி உடக்கூட ஊட்டுல ஆளில்லீங்க. நாந்தானுங்க மாத்தி உட்டேன்" என்று, கூடியிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார். பண்ணாடி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "செரி செரி, போ" என்றார். அடியில்லை, தண்டம் இல்லை. எல்லாவற்றையும் திறந்து சொல்லிவிட்டால் கல்லும் இளகும் என்று நான் அன்றைக்குப் பாடம் படித்தேன். அதை வைத்துத்தான் பிற்பாடு பிழைத்தேன்.

பாடத்தில் பாதியைத்தான் படித்தேன் என்பது இப்போது தெரிகிறது. என் அம்மா அந்தக் கூட்டத்துக்குப் பிறகு ரொம்ப நாள் மற்றப் பெண்களோடு காட்டு வேலைக்குப் போகவில்லை. பொதுக்குழாய்க்கு உச்சிவெயிலில், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போவாள். உடம்பு தேறவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒரு நாள் அப்பாவிடம், "ரெண்டு அடி வாங்கிட்டு வந்திருந்தீங்கன்னா மஞ்சப்பத்துப் போட்டு ஆத்தியிருப்பனுங்களே" என்று சொன்னாள். அடியிலிருந்து தப்பி வந்தவரைப் பார்த்து இப்படியும் ஒருத்தி கேட்பாளா என்று நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. அம்மா செத்து இத்தனை வருஷம் கழித்து, பூசையில் உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பேச்சு வந்து நெஞ்சில் இடிக்கிறது. அவளிடம் மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை.

கோயிலில் வாரம் ஒரு குடும்பக் குழுவினர் மன்றாட்டு எழுதிக்கொண்டு வந்து பூசையில் வாசிக்க வேண்டும் என்று முறை வந்தபோது எல்லோரும் என்னிடம்தான் வந்தார்கள். மனு எழுதுகிறவன் இருக்கும்போது வேறு எவனைத் தேடுவார்கள்? நானும் என் முறைப்படியே எழுதினேன். நோயாளிகளுக்காக என்று எழுதாமல், இன்ன தெருவில் இன்னாருக்குச் சிறுநீரகம் போய்விட்டது என்று எழுதினேன். இளம் சாமியார் ஒருவர் புதிதாக வந்திருந்தார் அல்லவா, அவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "ஐயா, பேரு, வியாதியெல்லாம் வேண்டாமுங்க. பொதுவா எழுதுங்க. கடவுளுக்குத் தெரியுமுங்க" என்றார். நான் விடுவேனா? "மன்றிலே நின்னு சொல்றதுக்குப் பேருதானுங்க சாமி மன்றாட்டு. மூலையில உக்காந்து முணுமுணுத்தா அதுக்கு வேற பேரு வெச்சுக்கோங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை, சாமியாரையே மடக்கிவிட்டோம் என்று.

அந்தச் சமயத்தில்தான் நீ ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாய், தேறினாய், மறுபடியும் வேலைக்குப் போனாய், அந்தப் பெண்ணையும் பார்த்தாய். நம் கோயில் பங்கிலேயே பெண், நல்ல குடும்பம். நிச்சயமாகி முதல் ஓலை வாசித்த வாரத்தில் ஒரு சாயங்காலம் பேக்கரியில் உட்கார்ந்து அவளிடம் எல்லாவற்றையும் நீயே சொல்லிவிட்டாய், அவள் ஒரு தேங்காய் பன்னைப் பாதியாகப் பிய்த்து உன் தட்டில் வைத்துவிட்டு, "அதுக்கென்னங்க, மாத்திரை சாப்பிட்டா சரியாயிருமில்ல" என்று கேட்டாளாம். இதை என்னிடம் சொல்லும்போது உன் முகம் இருந்த இருப்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அதோடு, "அவங்கப்பாகிட்ட வர்ற புதன்கெழமை நாங்க ரெண்டு பேருமே போய்ச் சொல்லிர்றோமுங்க. அதுவரைக்கும் யாருகிட்டயும் வாயைத் தொறக்காதீங்கப்பா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்" என்றாய். நான் உன் தலையில் கை வைத்துச் சரி என்றேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து, "அவரு வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போடு சாமி, அப்பத்தான் நானும் நம்புவேன்" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம்.

அந்த ஞாயிறு நம் குழுவின் முறை. சாமியார் சொன்ன மாதிரியே, திருமணத்துக்குத் தயாராகும் இளையோர் அனைவருக்காகவும் என்று பொதுவாகத்தான் எழுதிக்கொண்டு போனேன். உனக்குக் கொடுத்த வார்த்தை நினைவில்தான் இருந்தது. மைக்குக்கு முன்னால் போய் நின்று காகிதத்தைப் பார்த்தேன். நீ மூன்றாவது வரிசையில், அவள் அந்தப் பக்கம் ஐந்தாவது வரிசையில். காகிதத்தில் இருந்தது ஒரு உயிரில்லாத வரி. இப்படி எழுதிக்கொடுத்தால் எந்த ஆபீஸிலும் எடுத்துப் பார்க்க மாட்டார்களே, என் மகனுடைய காரியத்தைப் போய் இப்படியா எழுதுவது என்று தோன்றியது. என் வாய் தானாக மனு எழுத ஆரம்பித்தது. உன் பெயரைச் சொன்னேன். ஆஸ்பத்திரியைச் சொன்னேன், எத்தனை மாதம் என்று சொன்னேன், நோயின் பெயரைச் சொன்னேன். கல்யாணத்துக்குப் பிறகு அது திரும்பி வந்து அந்தப் பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிடாமல் காக்க வேண்டும் என்று குரல் தழுதழுக்கக் கேட்டேன். ஒவ்வொரு மன்றாட்டுக்கும் சபை சேர்ந்து பதில் சொல்வது வழக்கமில்லையா, பழக்கத்தில் கோயிலே சேர்ந்து, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்றது. அவள் அப்பாவும் சேர்ந்துதான் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்குக் காதில் விழுந்தது மண்டையில் ஏறியிருக்க வேண்டும், மெதுவாகத் திரும்பிப் பெண்ணைப் பார்த்தார். நீ எழுந்து பக்கவாசல் வழியாக வெளியே போனாய். உன் அம்மா செருப்புக்கூடப் போடாமல் உன் பின்னால் ஓடினாள். நான் மீதியிருந்த இரண்டு மன்றாட்டையும் வாசித்து முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். பூசை முடிவில், ஏற்கனவே எழுதி வைத்திருந்ததால், உங்கள் இரண்டாவது ஓலையையும் வாசித்தார்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவள் அப்பா வந்தார். சண்டைக்கு வந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க. பையன் மேல ஒரு குத்தமும் இல்லீங்க. எங்க அண்ணனுக்கும் இதே தொந்தரவு இருந்ததுங்க, மாத்திரையில நல்லாத்தான் இருந்தாரு. என்கிட்டத் தனியா வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா என்னோடயே போட்டுப் பூட்டியிருப்பேனுங்க. இப்ப ஊரே கேட்டுப்போட்டதுங்களே. ஒறவு ஒறம்பரைக்கெல்லாம் நான் என்ன பதில் சொல்லுவேனுங்க?" என்றார். வாசலில் போய் நின்று, "வாரேனுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். எத்தனை மரியாதை பார் நம் ஊரில்! அந்த மனிதர் என்னை ரெண்டு அறை விட்டிருக்கலாம். உன் அம்மா உள்ளே போய், உனக்காக எடுத்து வைத்திருந்த பட்டுவேட்டியை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தாள்.

நீ மூன்றாம் நாள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாய். நான் உன்னிடம், நல்லதுக்குத்தானே சொன்னேன், கடவுளிடம்தானே கேட்டேன் என்று உளறினேன். நீ செருப்பை மாட்டிக்கொண்டே, "உங்க மேசைக்கு வர்ற ஆளுங்கள்ல நானும் ஒருத்தனாப் போயிட்டேனுங்கப்பா" என்றாய்.

இதோடு நிறுத்திக்கொண்டேனா? இல்லை. இதற்கு அடுத்ததைச் சொல்லத்தான் கை வரவில்லை. ஏழெட்டு மாதம் கழித்து, வால்பாறை பஸ்ஸில் ஓடுகிற ஒரு டிரைவர், உன்னை ஒரு எஸ்டேட்டில் பார்த்ததாகச் சொன்னார். இலை எடை போடுகிற இடத்தில் கணக்கு எழுதுகிறாய் என்றார். உன் அம்மா சுட்டுக் கொடுத்த முறுக்கைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கொண்டைஊசி வளைவு ஒவ்வொன்றிலும் குடலைப் பிடுங்கிக்கொண்டு வந்தது, ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு மன்றாட்டுச் சொன்னேன். தொழிலாளர் லைன் வீட்டு வாசலில் என்னைப் பார்த்ததும், "வாங்கப்பா. பஸ்ஸு கூட்டமுங்களா? சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாய். மெலிந்திருந்தாய், ஆனால் தெளிவாக இருந்தாய். பால் வாங்கி வருகிறேன் என்று போனாய். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "தம்பியோட அப்பாவா சார்? ரொம்பத் தங்கமான பையன் சார்" என்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. உன்னை நல்லபடியாகப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் கிடைத்தாள் என்ற நினைப்பில், "அவன் மாத்திரையெல்லாம் வேளாவேளைக்குப் போட்டுக்கறானுங்களா அம்மா?" என்று கேட்டுவிட்டேன். "என்ன மாத்திரை சார்?" என்றாள். அங்கேயாவது நிறுத்தியிருக்க வேண்டாமா? பாவி, நான் விவரம் சொன்னேன். பெயர், மாதம், ஆஸ்பத்திரி, எல்லாம் சொன்னேன். நிமிர்ந்தால் நீ பால் பாக்கெட்டோடு நிற்கிறாய்.

நீ உள்ளே போனாய். பால் காய்ச்சிக் காப்பி போட்டுக் கொடுத்தாய். பஸ் நிறுத்தம் வரைக்கும் என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாய், ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார வைத்தாய், "பாத்துப் போங்கப்பா" என்றாய். பதினைந்து நாளில் நீ அங்கேயும் இல்லை என்று அதே டிரைவர் வந்து சொன்னார். எங்கே போனாய் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு முறை தவறியதை வாய் தவறியது என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது முறைக்கு என்ன சொல்லட்டும்? நான் அப்படிப்பட்டவன், அவ்வளவுதான். நீ பக்கத்தில் இருந்தால் மூன்றாவது முறையும் செய்வேனோ என்று எனக்கே என்னைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

இப்போது பூசைக்குப் போகிறேன், உட்காருகிறேன், எழுந்திருக்கிறேன். செபம் வரவில்லை. மன்றாட்டு என்ற வார்த்தை வேண்டாம், வேறு வார்த்தையில் கேட்டுப் பார்ப்போம் என்று அகராதியை எடுத்தேன். விண்ணப்பம் என்று பார்த்தால், தெரியப்படுத்துவது என்ற பொருளில் வடமொழியிலிருந்து வந்ததாகப் போட்டிருக்கிறது. அதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். கடவுளுக்குத் தெரியாத எதை அன்றைக்கு நான் தெரியப்படுத்தினேன்? அந்தக் கோயிலில் விவரம் தெரியாமல் இருந்தவர்கள் மனிதர்கள் மட்டும்தான், அவர்களுக்குத்தான் சொல்லியிருக்கிறேன். சாமியார் அதைத்தானே சிரித்துக்கொண்டே சொன்னார்! வேண்டுதல் என்ற வார்த்தை மிச்சம் இருக்கிறது, ஆனால் எனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. உள்ளே ஆள் இல்லை என்று தெரிந்த பிறகும் ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நிற்கிற மாதிரி இருக்கிறது. கையும் இப்போது நடுங்குகிறது, எழுத்து கோணுகிறது, மேஜையைச் சீக்கிரமே எடுத்துவிடுவேன். வருகிறவர்களிடம், எதை எழுத வேண்டாம் என்று நினைக்கிறீர்கள், அதை முதலில் சொல்லுங்கள் என்று கேட்க ஆரம்பித்திருக்கிறேன். இந்த வயதில் கற்றுக்கொண்டு யாருக்கு என்ன லாபம்?

உனக்குப் புத்திமதி சொல்ல எனக்கு வாயில்லை. ஆனாலும் அப்பன் புத்தி போகாதே, அதனால் ஒன்று சொல்கிறேன். நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வந்தால், பிள்ளைகள் பிறந்தால், அவர்கள் உன்னிடம் சொன்னதை உன்னோடு வைத்துக்கொள். நல்ல எண்ணத்தில்கூட வெளியே எடுக்காதே, நல்ல எண்ணத்தில் எடுக்கும்போது இன்னும் ஜாக்கிரதையாக இரு. என் மாதிரி ஆட்கள் கெட்ட எண்ணத்தில் யாரையும் கெடுத்ததில்லை. மாத்திரையை மட்டும் விட்டுவிடாதே. இதை உன்னிடமே சொல்லியிருந்தால் போதும் என்பது தெரிய எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

இன்னும் ஒன்றே ஒன்று. போன வியாழக்கிழமை கை ரொம்ப நடுங்கியதால் பதினோரு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். கதவு ஒருக்களித்திருந்தது. அடுப்படியில் உன் அம்மா போனில் பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேசினாள் என்று கேட்கவில்லை, ஆனால் சிரித்தாள். இந்த இரண்டு வருஷத்தில் நம் வீட்டில் நான் கேட்காத சிரிப்பு. அவள் தங்கையிடம் பேசினால் அப்படிச் சிரிக்கமாட்டாள் என்பது எனக்குத் தெரியும். யாரு போன்ல என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கழற்றிய ஒரு செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் திரும்பிப் போய் பஸ் நிழற்குடையில் இரண்டு மணிநேரம் உட்கார்ந்திருந்தேன். அழுதேன், அதை ஏன் மறைக்க வேண்டும்? இந்தக் கடிதத்தை அவளிடம் கொடுத்தனுப்பலாம்தான். கொடுத்தால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும், பயந்துபோய் உன்னோடு பேசுவதை நிறுத்தினாலும் நிறுத்திவிடுவாள். நான் எழுதுவது எதையும் அவள் இப்போது படிப்பதில்லை, அதனால் அச்சில் வந்தாலும் அவள் கண்ணில் படாது. ஒருவேளை அது நீயாக இல்லாமலும் இருக்கலாம். நான் கேட்கப்போவதில்லை, சாகிறவரைக்கும் கேட்கமாட்டேன். இப்போதெல்லாம் மேஜையில் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு மணிக்கு முன்னால் வீட்டுக்கு வருவதில்லை. வரும்போதும் தெரு முனையிலிருந்தே சத்தமாக இருமிக்கொண்டு வருகிறேன். நீ அவசரப்படாமல் பேசு, கண்ணு.